சீனி வருத்தத்தின் ஆறாவது சிக்கல்



சீனி வருத்தம் முற்றினால் எதெது பழுதாகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். கண், சிறுநீரகம், நரம்பு, இதயமும் இரத்தக் குழாய்களும், ஆறாத புண். மருத்துவ நூல்களும் நெடுங்காலம் இந்த ஐந்தோடுதான் நின்றன. ஆறாவதாக முரசு நோயையும் சேருங்கள் என்று 1993ல் ஒருவர் எழுதினார். நோர்வே நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோ. அப்போது அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பணிப்பாளர். அவருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

1965ல் டென்மார்க்கில் அவரும் கூட்டாளிகளும் ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று கிழமைக்குள் எல்லோருக்கும் முரசு சிவந்து வீங்கியது. திரும்பத் துலக்கியதும் சுகமாகியது. பல்லில் படியும் ஊத்தைதான் காரணம் என்பது உறுதியானது.

வருடக் கணக்கில் துலக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதைப் பார்க்க 1970ல் இலங்கைக்கு வந்தார்கள். இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள். பல் துலக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. 15 வருடமாக இடையிடையே வந்து அளந்தார்கள். எல்லோருடைய பல்லிலும் ஊத்தை, எல்லோருக்கும் முரசு வீக்கம். ஆனாலும் நூற்றுக்கு 11 பேருக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. 81 பேருக்கு நோய் நடுத்தரமாக வளர்ந்தது. மற்ற 8 பேருக்கு 45 வயதாகும்போது வாயில் ஒரு பல்லும் இல்லை.

இந்தக் கணக்கு இன்றும் உலகமெங்கும் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். வைத்தியம் எட்டாத மனிதர்கள் இருந்தபடியால்தான் இப்படியொரு ஆய்வு நடக்க முடிந்தது. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 2010ல் மீண்டும் தேடிப் போனபோது 75 பேரை மட்டுமே பரிசோதிக்க முடிந்தது.

ஊத்தை ஒன்று, முடிவு வேறு வேறு. அப்படியென்றால் உடம்புக்குள்ளும் ஏதோ தீர்மானிக்கிறது. அதில் சீனிக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. அந்தச் சமூகத்தில் சீனி வருத்தம் மிக அதிகம். வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு நோய் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. இப்படியான சான்றுகளை வைத்துத்தான் லோ அந்த ஆறாவதை எழுதினார்.

இரத்தத்தில் சீனி கூடினால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சோர்ந்துவிடும். முரசின் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களும் பழுதாகும். மறுபக்கமும் உண்டு: முரசில் ஓயாமல் இருக்கும் அழற்சி இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். முரசு நோய்க்கு முறையாக வைத்தியம் செய்தால், மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சுமார் 0.4 அளவு குறைகிறது என்று 2022ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஒரு குளிசைக்குச் சமமில்லாவிட்டாலும் சும்மா விடக்கூடிய அளவல்ல.

எங்கள் ஆட்கள் சீனி கிளினிக்குக்கு மாதம் தவறுவதில்லை. பல் டாக்டரிடம் போவதோ பல் ஆடத் தொடங்கிய பிறகுதான். இரத்தம் கசிவதுதான் முதல் அடையாளம், அப்போது நோவு இருக்காது. மிஸ்வாக் சுன்னத்து, பல்லுக்கும் நல்லது. ஆனால் முரசுக்குக் கீழே இறுகிப்போன காரையை அது எடுக்காது. பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் அதற்குக் காசு இல்லை. போகும்போது சீனி கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.