தோட்டத்தின் பெயரும் உழைத்தோர் பெயரும்

கேப் டவுனிலிருந்து தெற்கே கணவரும் நானும் காரில் சென்ற வழியில் கான்ஸ்டான்ஷியா. 1685இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப் தளபதி சைமன் வான் டெர் ஸ்டெல் பெற்ற நிலம். செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனும் இதன் இனிப்பு ஒயினை அருந்தினார்.

குடித்தவர் பெயரை வரலாறு துல்லியமாகக் காத்துவைத்திருக்கிறது. கேப் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கோ புறப்பட்ட இடமே பெயரொட்டு: 'வான் பெங்காலன்', 'வான் மலபார்'. சோழமண்டலத்தார் 'வான் டெ கஸ்ட்', அதாவது 'கரையிலிருந்து வந்தவர்'. எந்தக் கரை என்று சொல்லும் தேவைகூடக் கம்பெனிக்கு இருக்கவில்லை. மொழியியல் பயின்ற எனக்கு இச்சுருக்கமே உறுத்தியது.

"தமக்குள் எப்பெயரால் அழைத்திருப்பர்?" என்றார் கணவர். விற்பனைப் பத்திரங்களில் விலை உண்டு, வயது உண்டு, அது இல்லை.

சிலருக்கு மாதங்களே பெயராயின. 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பிப்ரவரி, செப்டம்பர் என்னும் குடும்பப்பெயர்கள் அங்கே இன்றும் வழங்குகின்றன.