வாணத்துக்கு வால் எதுக்கு?

தீபாவளிக்கு திருவந்திபுரத்தில் கெடிலக்கரையில் ராக்கெட் விடுவோம். குச்சி முறிஞ்ச ராக்கெட் நேரே போகாது. சுழன்று சுழன்று எங்க மேலேயே வரும். அந்தக் குச்சி என்னதான் செய்யுது?

இங்கிருந்து தெற்கே பரங்கிப்பேட்டையில், 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படை அயர் கூட்டின் கம்பெனிப் படையோடு மோதியது. மைசூர்ப் படையில் வாணம் விடவே தனி ஆட்கள் உண்டு. இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலோடு கட்டியதுதான் அவர்களுடைய வாணம்.

மெலிந்த உடலின் மேல் காற்று தரும் விசையை மேக்ஸ் மங்க் 1924-ல்தான் கணக்கிட்டார், அதுவும் ஆகாயக் கப்பலுக்காக. உடல் சற்றே சாய்ந்து பறந்தால், அதன் பருமன் மாறுகிற இடத்தில் மட்டுமே பக்கவிசை பிறக்கும் என்றார். 1946-ல் ராபர்ட் ஜோன்ஸ் இதே வழியைக் குறுகிய கூர்முனை இறக்கைகளுக்கும் கொண்டுபோனார்.

இப்போ மூங்கிலைப் பாருங்க. நெடுக ஏறக்குறைய ஒரே பருமன். மங்க் கணக்குப்படி அதன் மேல் பக்கவிசையே இருக்கக் கூடாது! ஆனா அந்தக் கணக்கு காற்றின் பாகுத்தன்மையை ஒதுக்கிவிட்டது. நிஜத்தில், சாய்ந்த குச்சிக்குக் குறுக்கே வரும் காற்று அதைச் சுற்றி வந்து ஒட்டாமல் பிரிந்துபோகும். அப்போது குச்சி பக்கவாட்டில் தள்ளப்பட்டு, வாணம் பழையபடி நேராகும். ஜூலியன் ஆலன் 1949-ல் இந்த விசையையும் கணக்கில் சேர்த்தார்.

அழகான சூத்திரம் பூஜ்யம்னு சொன்ன இடத்தில்தான், 1781-ல் மூங்கில் தன் வேலையைச் செய்திருக்கு.