ஜாக்கெட்டுக்கு ஓர் அரசாணை

இன்றைக்கு ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால், டெய்லர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். கழுத்து வட்டமா, போட் நெக்கா? கையில் பஃப் வேணுமா? முதுகில் ஜன்னல் உண்டா, முடிச்சு உண்டா? எல்லாம் போடுகிறவர் இஷ்டம். கூலி மட்டும் டெய்லர் இஷ்டம்!

இருநூறு வருடங்களுக்கு முன்னால், மணவாளக்குறிச்சிப் பக்கம் இதே கேள்விகளுக்கு அரசாங்கம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆணை போட்டு!

மணவாளக்குறிச்சி என்றதும் மணல்தான் ஞாபகத்துக்கு வரும். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் இந்தக் கரையோர மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு ஊர் பெயர் உலகம் சுற்றியது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, இந்த ஊரை ஒட்டிய கல்குளம், இரணியல் வட்டாரங்கள் திருவிதாங்கூர் அரண்மனையின் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன. காரணம், தோளில் போடுகிற ஒரு துண்டுத் துணி.

அந்த நாட்டு வழக்கம் அப்படி. தன்னைவிட மேலான சாதிக்காரர் எதிரே வந்தால் மார்பை மறைக்காமல் நிற்பதுதான் மரியாதை. நாயர் பெண்களே நம்பூதிரிகள் முன்னால் மேல்துணியை விலக்க வேண்டும். நாடார், ஈழவர் போன்ற சமூகத்துப் பெண்களுக்கோ மேல்துணியே கிடையாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு கூடாது, பொன்நகை கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கூட நடக்கக்கூடாது. குடத்துக்கும் சாதி பார்த்திருக்கிறார்கள்! (இந்த விஷயத்தைப் பேசினாலே யாராவது நங்கேலி கதையைச் சொல்வார்கள். அது சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழிக் கதை. தோள்சீலை விவகாரம் அப்படியல்ல, அரசாணைகளில் பதிவாகிக் கிடக்கிறது.)

1806-ல் ரிங்கல்தௌபே என்ற பாதிரியார் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-ல் மயிலாடியில் சர்ச் எழுந்தது. மதம் மாறிய பெண்கள் மேலாடை அணிய ஆரம்பித்தார்கள். வந்தது வம்பு. ரெசிடென்ட்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ தலையிட, 1814-ல் ஓர் ஆணை பிறந்தது. கிறிஸ்தவப் பெண்கள் மேலாடை போட்டுக்கொள்ளலாம். ஆனால்... சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிள்ளைமாரும் போடுவது போன்ற குப்பாயம்தான் போடவேண்டும். நாயர் பெண்கள் போடுகிற தோள்சீலை கூடவே கூடாது. கடன் பத்திரத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்குமே, அந்த மாதிரி.

1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் பாதிரியாரின் மனைவி அந்தப் பொடி எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தார். பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, நாகர்கோவில் லேஸ் தொழிலுக்கே விதை போட்டவர் அவர். அந்தக் காலத்து ஐரோப்பியச் சீமாட்டிகளின் கவுனை நினைத்துப் பாருங்கள். மார்புக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, அதற்குள்ளே இன்னும் இரண்டு மூன்று உடுப்பு. பதநீர் காய்ச்சி, அடுப்புப் புகையில் வெந்து கருப்பட்டி எடுக்கிற பனங்காட்டுப் பெண் அதைப் போட முடியுமா? அரை மணி நேரம் தாங்காது. அதனால் இறுக்கம் போனது, நீளம் போனது. தொளதொளவென்று ஒரு சட்டை, குட்டைக் கை, அவ்வளவுதான். கொஞ்சம் துணி, நாலு தையல், வேலை முடிந்தது. மிஷன் ஆட்கள் எல்லோருக்கும் திருப்தி. உடம்பு மூடியாகிவிட்டது, ஆணையும் மீறப்படவில்லை.

திருப்திப்படாதவர்கள் அதைப் போட்டுக்கொண்ட பெண்கள்தான்!

குப்பாயத்தைப் போட்டார்கள். அதன்மேல் தோள்சீலையையும் போட்டார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. பாதிரிமார் இதை மானப் பிரச்னையாகப் பார்த்தார்கள். ஆனால் வெறும் மானம்தான் கேள்வி என்றால் அந்தச் சட்டையோடு கதை முடிந்திருக்கும். சபைக்கும் சந்தைக்கும் கௌரவமாகப் போட்டுப் போகிற உடுப்பு எதுவோ, அது எங்களுக்கும் வேணும் என்பதுதான் அந்தப் பெண்களின் கணக்கு. எதிர்த்தரப்பும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டது. அதனால்தான் அடி அப்படி விழுந்தது.

1822-ல் கல்குளம் வட்டாரத்தில் பெண்களைப் பொது இடத்தில் மறித்துச் சீலையைக் கிழித்தார்கள். வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றம் போய், 1823-ல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு நிலைக்கவில்லை. 1827-லிருந்து மறுபடி கலவரம், பள்ளிக்கூடங்களுக்கும் ஜெபக்கூடங்களுக்கும் தீ. 1829 பிப்ரவரி 3-ம் தேதி ராணி பார்வதி பாயின் அரசு பிரகடனம் செய்தது: குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது. ஆக, சுற்றிச் சுற்றி 1814-க்கே வந்து நின்றார்கள்.

இதே காலத்தில் மதம் மாறாமலே ஒருவர் வேறு வழி பிடித்தார். சாமித்தோப்பு வைகுண்டர். தலையில் துண்டு கட்டாதே என்று சொல்லப்பட்ட ஆண்களிடம், கும்பிட வரும்போதே தலைப்பாகை கட்டி வா என்றார். துணி அதே துணி. இருக்கிற இடம்தான் மாறியது.

1858 கடைசியில் மூன்றாவது தடவையாகப் பற்றிக்கொண்டது. இந்த முறை சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் காட்டமாக எழுத, மகாராஜா உத்திரம் திருநாள் 1859 ஜூலை 26-ல் ஒரு பிரகடனம் வெளியிட்டார். திவான் மாதவராவ் காலம். நாடார் பெண்கள், எந்த மதமானாலும், மார்பை மறைத்துக்கொள்ளலாம். குப்பாயம் போடலாம். முக்குவப் பெண்கள், அதாவது மணவாளக்குறிச்சியை ஒட்டிய சின்னவிளை, பெரியவிளை மாதிரிக் கடற்கரைகளில் மீன் கூடை சுமந்தவர்கள், கட்டுவதுபோல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் போலக் கட்டக்கூடாது.

பாருங்கள், 45 வருடம் அடிவாங்கிய பிறகும் அந்தப் பொடி எழுத்து போகவில்லை! துணி எவ்வளவு முரடாக இருக்கவேண்டும், எப்படிச் சுற்றவேண்டும் என்று ஒரு சமஸ்தானம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 1865-ல் மற்றத் தாழ்த்தப்பட்ட சாதிகளுக்கும் அனுமதி வந்தது. ஆணையில் எழுதியிருந்த கட்டுப்பாட்டை யாரும் ரத்து செய்து மேளம் அடிக்கவில்லை. பெண்கள் பாட்டுக்குத் தோள்சீலையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

2019-ல் என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து இந்தக் கதை வரும் பாடத்தை நீக்கினார்கள். 2023 மார்ச் 6-ம் தேதி நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாவது ஆண்டு விழா நடந்தது. மேடையில் தமிழக முதல்வரும் கேரள முதல்வரும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு காலத்தில் ஒரே சமஸ்தானமாக இருந்த நிலம் அல்லவா, இரண்டு பேருக்குமே அதில் பங்கு உண்டு.