நம்பிக்கை என்னும் முதல்

ஒரு நிறுவனத்தின் மதிப்பை அதன் இலாபத்தைக் கொண்டே அளந்து பழகிய நாம், மொந்திராகோன் என்னும் சிற்றூரின் வரலாற்றை அறிதல் நன்று. ஸ்பெயின் நாட்டின் வடபால், பாஸ்க் மலைநாட்டில் உள்ளது அவ்வூர். உள்நாட்டுப் போரின் வடு ஆறாத 1941-இல் அங்கு உதவிப் பங்குக் குருவாக வந்தார் அருட்தந்தை ஹோசே மரிய அரிஸ்மெந்தியரியேத்தா. வறுமையுற்ற ஊரில் 1943-இல் அவர் தொடங்கிய தொழிற்பள்ளி, கைத்தொழிலோடு உழைப்பின் மாண்பையும் கற்பித்தது.

அவருடைய மாணவர் ஐவர் 1956-இல் 'உல்கோர்' என்னும் அடுப்புத் தொழிற்சாலையை நிறுவினர். அதற்கு ஊராரே கடன் தந்தனர். அவர்களுக்கு ஈடாக இருந்தவை இளைஞரின் நேர்மையும் குருவின் சொல்லும்தாம். ஆளுக்கு ஒரு வாக்கு; உயர்ந்த ஊதியம் தாழ்ந்ததன் மும்மடங்கை மிஞ்சலாகாது; இவை தொடக்ககால நெறிகள். 1959-இல் எழுந்த கூட்டுறவு வங்கி ஊராரின் சிறுசேமிப்பைப் புதிய தொழில்களுக்கு முதலாக்கிற்று.

நேர்மை இருந்தும் இழப்பு வரவே செய்தது. உல்கோரின் வழிவந்த ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013-இல் நொடித்தது. தொழிலாளர் பலர் தாம் இட்ட முதலை இழந்தனர். ஆயினும் அவர்களுள் பலருக்குப் பிற கூட்டுறவுகள் தம்மிடம் வேலை அளித்தன. கணக்கேட்டில் ஏறாத செல்வம் அன்று கைகொடுத்தது.

1976-இல் மறைந்த அக்குருவை, 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். தொழில் நடத்தும் நாம் நம்மை வினவிக்கொள்வோம்: நம் சொல்லை மட்டுமே ஈடாகக் கொண்டு கடன் தருவோர் நமக்கு உளரா?