தேய்மானக் கணக்கு: சித்தூர் சைக்கிளிலிருந்து கிராவல் பைக் வரை

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்குத் தேய்மானம் என்பது வருஷக் கடைசியில் லெட்ஜரில் கழிக்கிற ஒரு வரி. சைக்கிள் செயினுக்கு அது நிஜமாகவே தேய்வது. இந்தப் பதிவு இரண்டாவது வகையைப் பற்றியது. ஆனாலும் கணக்கு இல்லாமல் இருக்காது. காமர்ஸ் படித்தவன் புத்தி எங்கே போகும் :-)

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது கிராவல் பைக் ஓட்டுகிறார்கள். தார் ரோட்டிலும் சரளைப் பாதையிலும் ஓடுகிற, கியர் வைத்த சைக்கிள். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-ல் தொடங்கிய 200 மைல் சரளைப் பந்தயம் இந்த மோகம் பரவ ஒரு முக்கியக் காரணம். வாங்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். "செயின் போச்சு, கேசட் போச்சு, முன்னால் பல்சக்கரமும் போச்சு" என்று கடைக்காரர் பில்லை நீட்டும்போதுதான் மயக்கம் வரும். "எங்க அப்பா சைக்கிளுக்கு இவ்வளவு செலவே ஆனதில்லையே" என்பது அடுத்த வசனம்.

அப்பா சைக்கிளும் சரளையில்தான் ஓடியது. சித்தூரிலிருந்து பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி எழுபது கிலோமீட்டர் சொச்சம். 1911-ல் சென்னை மாகாணத்தில் உருவான ஜில்லா, 1953-ல் ஆந்திராவோடு போனது, 2022-ல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லை மாறினாலும் மண் மாறவில்லை. செம்மண், கருங்கல் உடைந்த பொடி, இடையில் படிகக்கல் மணல். மெயின் ரோட்டுக்குத் தார் வந்த பிறகும் கிராமத்துக் கிளைச் சாலைகள் வெகுகாலம் மண்ணும் கப்பியும்தான். அதில்தான் பால்காரர் கேனைத் தொங்கவிட்டு மிதித்தார். வழியில் செயின் அறுந்தால் அவருக்கு அன்றைய பால் திரிந்தது, அன்றைய வருமானம் போனது. நமக்கு ஞாயிற்றுக்கிழமை சவாரி மட்டும்தான் கெடும்.

சரி, செயின் எப்படித் தேய்கிறது? இன்றைய செயினுக்கு மூலம் 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய வடிவம். ஆணி, அதைச் சுற்றிப் புஷ், அதன்மேல் உருளை. 1885-ல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்ததும் பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டுவதே வழக்கமாகிவிட்டது. "செயின் நீண்டுபோச்சு" என்கிறோமே, அது ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஆணியும் புஷ்ஷும் உரசும் இடத்தில் இரும்பு தேய்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மயிரிழை இடைவெளி. அத்தனையும் சேர்ந்தால் நீளம். அப்படி நீண்ட செயின் பல்லில் சரியாக உட்காராமல் பல்லையும் தின்னும். எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்தால் மெக்கானிக் வால்வு தேய்க்கிற பசை மாதிரி ஆகிவிடும்.

இதற்கு அந்தக் காலத்துப் பதில் மூடி வைப்பது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சன்பீம் சைக்கிள்காரர்கள் செயினை எண்ணெய்ப் பெட்டிக்குள்ளேயே ஓடவிட்டார்கள். நம்ம ஊர் ஃபுல் செயின் கவர் அதன் ஏழைத் தம்பி. வேட்டி, புடவை மாட்டாமல் இருக்க என்று நினைத்தோம். அது புழுதியையும் தடுத்தது.

இரண்டாவது பதில், உதிரி பாகம் பக்கத்திலேயே கிடைத்தது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. 1960-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் டைமண்ட் செயின் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. (1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் ஓடிய செயினும் அந்த இண்டியானாபொலிஸ் கம்பெனி செய்ததுதான்!) அம்பத்தூரிலிருந்து திருப்பதி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். எந்த ஊர்க் கடையிலும் அதே அரை அங்குலச் செயின்.

மூன்றாவது பதில்தான் முக்கியம். செயின் தொங்கினால் மெக்கானிக் பின்சக்கரத்தை இழுத்துக் கட்டுவார். இன்னும் தொங்கினால் ஒரு கண்ணியை வெட்டுவார். தேய்ந்த செயின் தேய்ந்ததுதான், ஆனால் ஒரே பல்சக்கரம், நேர்கோட்டில் ஓட்டம். செயினும் ஃப்ரீவீலும் சேர்ந்தே தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை ரகம். கடைசிவரை ஓட்டிவிட்டு இரண்டையும் ஒன்றாக மாற்றுவதுதான் லாபம். அது அலட்சியம் இல்லை, சரியான கணக்கு.

கியர் வந்ததும் கணக்கு மாறியது. கியருக்கு வேர் மலைதான். பிரான்சில் செயின்ட் எட்டியென் ஊர்க்காரர் பால் தெ விவி மலைப்பாதை ஏறத்தான் பல கியர் வேண்டுமென்று வாதாடினார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937-ல்தான் டிரெய்லியரை அனுமதித்தார்கள். திருமலை மலைப்பாதையில் ஒற்றைக் கியர் சைக்கிளை மிதித்துப் பார்த்தவருக்கு விவியின் வாதம் விளங்கும். ஆனால் செயின் பக்கவாட்டில் தாவவேண்டும் என்றால் மூடி போட முடியாது. மெல்லியதாக, வளையக்கூடியதாக இருக்கவேண்டும். 1980-களில் தனிப் புஷ்ஷையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பின்னால் 12, 13 பல்சக்கரம். திறந்த செயின், அதே புழுதி.

விலையும் தலைகீழ். செயின் ஒரு ரூபாய் என்றால் கேசட் மூன்று நான்கு ரூபாய், உயர் ரகம் பத்துக்கும் மேல். அப்பா வழியில் "வழுக்கும்வரை ஓட்டுவோம்" என்றால் மலிவான செயினைக் காப்பாற்ற விலையுயர்ந்த கேசட்டைப் பலி கொடுக்கிறோம். இங்கே பலியாக வேண்டியது செயின்.

அதற்கு ஒரு இரும்பு ஸ்கேல் போதும். ஒரு ஆணியின் மையத்திலிருந்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடினால் அரை சதவீதத் தேய்வு, 11, 12 கியர் செயினை அப்போதே மாற்றிவிடுங்கள். ஒற்றைக் கியர் என்றால் 1/8 அங்குலம் வரை ஓட்டலாம். எண்ணெய் விட்டால் வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள், வேலை உள்ளே ஆணியில்தான். புழுதிப் பாதையே கதி என்றால் உருக்கிய மெழுகில் செயினை முக்கி எடுக்கும் முறை நல்லது, மண் அவ்வளவாக ஒட்டாது.

பால்காரருக்கும் நமக்கும் வித்தியாசம் இதுதான். எந்தப் பாகம் முதலில் தேயவேண்டும், எது எவ்வளவு, எப்போது மாற்றவேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். நாம் பில் வந்தபிறகு கேட்கிறோம். அவர் விடையை அப்படியே காப்பி அடிக்காதீர்கள், அவர் கணக்குப் போட்ட விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கையில் ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். சதவீதக் கணக்குக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடைக்காது.