பிகட் பிரபுவின் பதினோராண்டுப் பட்டம்

ராயபுரத்தின் தென் எல்லையை ஒட்டி, இப்ராகிம் சாகிப் தெருவோரம் 'மாடிப் பூங்கா' என்ற பெயரில் எஞ்சி நிற்பது, கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரைக் காப்பதற்காக 1769-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுப்பப்பட்ட மதிலின் ஒரு துண்டு. அம்மதிலைக் கட்டும் ஒப்பந்தத்தைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் பால் பென்ஃபீல்டு, சில ஆண்டுகளில், ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் பரம்பரைப் பட்டம் சென்னை மண்ணிலேயே அற்றுப்போவதற்கும் ஒரு காரணமானார்.

அப்பட்டத்துக்கு உரியவரான ஜார்ஜ் பிகட், 1737-இல் எழுத்தராக வந்து 1755-இல் ஆளுநரானவர். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரைக் கைப்பற்றிக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அடுத்த பிப்ரவரி வரை தாக்குப்பிடித்தவர். பெருஞ்செல்வத்துடன் தாயகம் திரும்பிய அவருக்கு 1764-இல் பாரனெட் பட்டமும், அதாவது பிரபுக்கள் சபையில் இடம் தராமல் 'சர்' என்ற அடைமொழியை மட்டும் வழிவழியாகத் தரும் பட்டமும், 1766-இல் அயர்லாந்துப் பிரபு வரிசையில் பாரன் பட்டமும் கிடைத்தன. முன்னது தம்பியருக்கும் செல்லலாம் என்று அரசாணையிலேயே இடம் வைக்கப்பட்டிருந்தது. பின்னதற்கோ முறைப்படி பிறந்த ஆண் வாரிசு வேண்டும்.

1775-இல் மீண்டும் ஆளுநராக வந்த பிகட், ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி பறித்திருந்த தஞ்சையை, கம்பெனி இயக்குநர்களின் கட்டளைப்படி, 1776 ஏப்ரலில் மன்னர் துளஜாவிடம் திருப்பி ஒப்படைத்தார். நவாபுக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாகத் தஞ்சையின் வருவாயும் விளைச்சலும் தமக்கு எழுதித் தரப்பட்டிருப்பதாகப் பென்ஃபீல்டு வழக்காடினார். தஞ்சையில் தனியாரிடமிருந்து வரவேண்டியதையும் சேர்த்து அவர் கேட்ட தொகை 2,34,000 பவுன். உழவரின் நெல்லை வட்டிக்காரர் அள்ளிச் செல்ல வழிவிடும் இக்கோரிக்கையைப் பிகட் ஏற்க மறுத்தது, அவருடைய மற்றக் குறைகள் எவையாயினும், நேரிய செயலே. ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினர் எதிரணியில் திரண்டனர். ஆகஸ்ட் 24 மாலை, எதிரணிக்குத் துணைநின்ற கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுடன் ஒரே வண்டியில் தோட்ட மாளிகைக்கு விருந்துண்ணச் சென்றுகொண்டிருந்த ஆளுநர், தீவுத்திடலில் வழிமறித்துக் கைது செய்யப்பட்டுப் பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்டார். அன்று பகலுணவையும் ஸ்டூவர்ட் அவருடனேயே அருந்தியிருந்தார். 1777 மே 11 அன்று, விடுதலை ஆணை இலண்டனிலிருந்து வந்து சேருமுன், காவலிலேயே பிகட் இறந்தார். மணம் புரியாதவராதலால் பாரன் பட்டம் அவரோடு முடிந்தது. பாரனெட் பட்டம் தம்பி ராபர்ட்டைச் சேர்ந்தது. கைதுக்குப் பொறுப்பான சபையினர் நால்வருக்கு இங்கிலாந்து நீதிமன்றம் 1780-இல் விதித்த தண்டனை, ஆளுக்கு 1,000 பவுன் அபராதம் மட்டுமே.

முகம்மது அலியின் வழியினர் தாங்கிய கர்நாடக நவாப் பட்டமும், குலாம் கௌஸ் கான் 1855-இல் மகனின்றி இறந்தபோது ஒழிக்கப்பட்டது. ஆனால் பிகட்டின் பட்டத்தை முடித்தது அதை வழங்கிய அரசாணையின் விதி. இங்கோ, உரிமை கோரிய சிற்றப்பா அசீம் ஜா உயிரோடிருக்கையிலேயே தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் ஆட்சி வாரிசில்லை என்று முடிவு செய்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே அசீம் ஜாவுக்குத்தான், ஆளும் உரிமை ஏதுமற்ற 'ஆர்க்காட்டு இளவரசர்' பட்டம் வழங்கப்பட்டது.