அதிகாரமின்றி வந்த நற்செய்தி



பம்பலப்பிட்டியில் காலி வீதி வழியாக நடப்பவர் சிறிது நேரத்திற்குள் பல சமயங்களின் வாயில்களைக் கடந்து விடுவார். ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் வந்து தங்கும் கதிரேசன் கோயில் இவ்வீதியில் இருக்கிறது. கிளைத் தெருக்களுள் ஒன்றில் வஜிராராமய விகாரையும், மற்றொன்றில் புனித மரியாள் ஆலயமும் உள்ளன. இத்தகைய ஊரில் வாழும் கிறிஸ்தவர் ஒருவரின் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பே. நற்செய்தியை உலகமெங்கும் அறிவியுங்கள் என்பது இயேசுபிரான் தம் சீடருக்கு இட்ட கட்டளை. அயலவரின் மனம் நோகாமல் அதனை நிறைவேற்றுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேட நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டு வரலாறே விடை தருகிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதியில் வடக்கே சென்று, கொள்ளுப்பிட்டியைக் கடந்தால் காலிமுகத்திடலை அடைவோம். 2015ஆம் ஆண்டு தைத் திங்கள் 14ஆம் நாளன்று, அத்திடலிலே பல்லாயிரம் மக்கள் கூடியிருக்க, அந்நாளைய பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள், யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதர் என அறிவித்தார்கள். அவ்வாறு சிறப்பிக்கப்பெற்ற அடிகளார் இந்நாட்டுக்கு முதன்முதலாக வந்தபோது அவரை வரவேற்க ஒருவருமில்லை. அவர் வந்ததோ ஓர் ஏழைக் கூலியாளின் கோலத்தில்.

அக்கோலத்தின் காரணத்தை அறிய, அக்கால நிலையை அறிதல் வேண்டும். போர்த்துக்கேயர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்டபோது, வேதம் போதித்த குருமாரோடு வாளேந்திய வீரரும் வந்தனர். 1621ஆம் ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டதைத் தமிழ் மக்கள் இன்றும் மறந்திலர். பின்னர் ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அவர்களும் கிறிஸ்தவரே, எனினும் கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு வெளியேற்றினர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போரைத் தண்டிக்கவும் கட்டளையிட்டனர். தங்கள் சீர்திருத்த சபையின் ஞானஸ்நானம் பெற்றோருக்கே அரசாங்க உத்தியோகங்கள் கிட்டும் என்ற நிலைமை உண்டாயிற்று. அதனால் கோயிற் பதிவேடுகளில் பெயர்கள் பெருகின. ஆனால், பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்ட பலர் வீட்டில் தம் முன்னோரின் வழிபாட்டையே தொடர்ந்தனர்.

குருவின்றித் தவித்த கத்தோலிக்கரின் செய்தி கோவைக்கு எட்டியது. அங்கே பெனோலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் பிராமண மரபிலே வந்த கிறிஸ்தவக் குடும்பத்தில், 1651ஆம் ஆண்டு பிறந்தவர் யோசப் வாஸ். 1676இல் குருத்துவம் பெற்ற அவர், பின்னர் சுதேசக் குருமார் அமைத்த ஒரத்தோரியன் சபையிற் சேர்ந்தார். இலங்கையின் துயரைக் கேள்வியுற்ற அவர், 1687இல், யோவான் என்னும் பணியாளரோடு தூத்துக்குடி வழியாகப் புறப்பட்டு இந்நாட்டை வந்தடைந்தார். அவருக்குப் பின்னே அரசும் இல்லை, படையும் இல்லை. வந்தவுடனேயே வயிற்றுக்கடுப்பு அவரை வாட்டியது.

நோய் தணிந்தபின், கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு அவர் வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார் என்று கூறுவர். அம்மாலையைக் கண்டு முகமலர்ந்தோர் யாரென உற்று நோக்கி, மறைவாக வாழ்ந்த கத்தோலிக்கரை அடையாளங் கண்டார். தமிழைக் கற்றார். சில்லாலையைத் தளமாகக் கொண்டு, இரவு வேளைகளில் மக்களைக் கூட்டிப் பூசை செய்தார். ஒல்லாந்தர் தேடத் தொடங்கியதும், கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

1692இல் அவர் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிட்டனர். சிறையிலிருந்தவாறே சிங்களம் பயின்றார். நாட்டில் மழை பொய்த்த காலத்தில் அவர் வேண்டுதல் செய்ய மழை பெய்தது என்பது செவிவழிச் செய்தி. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு நாட்டிலே நடமாடும் உரிமையை அளித்தான் என்பது வரலாறு. அம்மன்னனோ பௌத்தன். கிறிஸ்தவ அரசு துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த அரசன் நிழல் தந்தான் என்பதை நாம் ஊன்றி நினைத்தல் வேண்டும்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. நோயாளரை உறவினரும் கைவிட்டு அகன்றனர். அடிகளாரோ அவர்களுக்குக் கஞ்சி ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கஞ் செய்தார். நோயாளியின் சமயம் யாது என அவர் வினவினாரில்லை. நற்செய்தியை அவர் சொல்லாமற் சொன்ன நாட்கள் அவை. 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் கண்டியிலேயே அவர் காலமானார்.

அவர் வழியைப் பின்பற்றி 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவர் தமிழையும் சிங்களத்தையும் ஐயந்திரிபறக் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார். தேவ அருள் வேத புராணமும், வியாகுலப் பிரசங்கமும் அவர் தமிழுக்குத் தந்தவை. ஒல்லாந்தரிடத்தும் மொழியை மதித்தோர் இருந்தனர் என்பதைச் சொல்லாது விடுதல் நடுநிலையாகாது. கொழும்பிலே பிறந்த பிலிப்பு தெ மெல்லோ என்னும் சுதேசப் போதகர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு, 1759இல் இந்நகரிலேயே அச்சாயிற்று.

1796இல் ஒல்லாந்தராட்சி முடிவுற்றது. உத்தியோகத்துக்காகப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர்களுட் பெரும்பாலானவை சில ஆண்டுகளுள் கரைந்து போயின. கொட்டாஞ்சேனைக்கு அருகே, 1757இல் அவர்கள் கட்டி முடித்த வொல்வெண்டால் ஆலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆயினும், அவர்கள் கட்டளையிட்டுச் சேர்த்த கூட்டம் அதனோடு நிலைக்கவில்லை. ஒளிந்து ஒளிந்து பூசை கண்ட மக்களின் வழித்தோன்றல்களோ இன்னும் சில்லாலையிலும் புத்தளத்திலும் வாழ்கின்றனர். கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் 1806இல் நீங்கியபோது, அவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நற்செய்தியைப் பகிர்தல் என்பது பிறரது வாயிலுக்குள் அதிகாரத்தோடு நுழைவதன்று. அவர்கள் மொழியைக் கற்று, அவர்கள் நோயில் அருகிருந்து, கேட்பவன் மறுக்கவும் உரிமையுடையவன் என்பதை ஒப்புக்கொண்டு நிற்பதே அதன் முறை. வரவேற்கவும் விலக்கவும் கண்டி மன்னனுக்கு அதிகாரம் இருந்தது. அடிகளாரிடம் ஓர் அதிகாரமும் இருக்கவில்லை. அத்தகைய ஒருவரை நம்புவதற்கு மன்னனும் அஞ்சவில்லை, மக்களும் அஞ்சவில்லை. பல சமயத்தார் அருகருகே வாழும் பம்பலப்பிட்டியில், கிறிஸ்தவர் தம் அழைப்பை நிறைவேற்றுதற்கு இதனினும் தக்க வழிகாட்டி வேறு வேண்டுமோ?